சிற்றில் சிதைத்தல்: மணற்பெட்டி இணைய விளையாட்டுக்களில் ஆடுவோரிடைப் போர் பற்றிய ஒரு நோக்கு

1

இணையவழியே பல்லாயிரவர் ஒருங்குகூடி ஆடும் விளையாட்டுக்களுள் ஒருவகையினை மேனாட்டார் மணற்பெட்டி விளையாட்டு என வழங்குவர். இவற்றில் ஆடுவோர் பின்பற்ற வேண்டிய கதை முன்கூட்டியே வகுக்கப்படுவதில்லை. நிலமும் மரமும் கல்லும் கனியமுமே அவர்க்குத் தரப்படுகின்றன. உழுதல், வீடு கட்டுதல், வணிகஞ் செய்தல், ஊரமைத்தல் யாவும் அவரவர் விருப்பத்தைப் பொறுத்தன. குழந்தையின் கையில் மணலைக் கொடுத்துவிட்டு, இன்னது செய் என்று கூறாது விடுதலை ஒத்ததாதலின் இப்பெயர் பொருந்துவதாயிற்று.

இவ்வகை விளையாட்டுக்கள் குறித்துக் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு விவாதம் நிகழ்ந்துவருகின்றது. ஆடுவோர் ஒருவரையொருவர் தாக்கவும், கொல்லவும், உழைத்துச் சேர்த்ததைக் கவரவும் இடமிருத்தல் வேண்டுமா என்பதே அது. இருத்தல் வேண்டும் என்போர், ஆபத்தில்லாத உலகு உயிரற்றது என்பர். கள்வர் இல்லாத வழியிற் செல்லும் வணிகச்சாத்துக்குத் துணிவும் வேண்டா, துணையும் வேண்டா என்பது அவர் வாதம். வேண்டா என்போர், பத்துப் பேர் கட்டியதை ஒருவன் ஒரு கணத்தில் அழிப்பது சுதந்திரமாகாது என்பர்.

இவ்விவாதத்திற்கும் தமிழிலக்கிய ஆய்வுக்கும் என்ன தொடர்பு என வினவுவார் உளராகலாம். விளையாட்டும் இலக்கியம் போன்றே சமுதாய உறவுகள் கற்பனையில் மீள ஆக்கப்படும் ஒரு களமாகும். விளையாட்டு உழைப்பின் குழந்தை என்ற கருத்தினைப் பிளெக்கனோவ் தமது 'முகவரியற்ற கடிதங்க'ளில் விரிவாக நிறுவியுள்ளார். எனவே ஒரு சமுதாயம் எதனை விளையாடுகின்றது, எவ்விதிகளின்கீழ் விளையாடுகின்றது என்பன கருத்துநிலை பற்றிய வினாக்களே.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. இவ்வூரின் வரலாற்றிற் கட்டுதலும் சிதைத்தலும் உவமைகளல்ல. 2006ஆம் ஆண்டிற் சம்பூரிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் பெயர்ந்த மக்கள், 2015ஆம் ஆண்டிலேயே தம் நிலங்களுக்குப் படிப்படியாக மீளத் தொடங்கினர். இத்தகைய மண்ணில், 2009ஆம் ஆண்டின் பின் வளர்ந்த பிள்ளைகள் கைத்தொலைபேசியிற் போரை விளையாடுவதைக் கண்டு பெரியோர் மனம் வருந்துவது இயல்பே. ஆயினும் வருத்தம் ஆய்வாகாது. போர் தீது, விளையாட்டில் அது வேண்டா என்று கூறி அமைவது எளிது. எத்தகைய போர், எவ்விதிகளின்கீழ், எவர் நலனுக்காக என்று கேட்பதே திறனாய்வாளன் கடனாகும்.

2

மணலிற் கட்டுதலும் அதனை மற்றொருவர் சிதைத்தலும் தமிழிலக்கியத்திற்குப் புதியனவல்ல. சிறுமியர் மணலில் வீடு இழைத்து, மணற்சோறு சமைத்து விளையாடுவதும், சிறுவன் ஒருவன் வந்து அதனைக் காலாற் சிதைப்பதும் சங்ககாலம் முதலாக வந்த மரபு. குறிஞ்சிக்கலியிலே தன் காதலனைத் தோழிக்கு அடையாளங் காட்டும் தலைவி, தெருவில் நம் மணற்சிற்றிலைச் சிதைத்துத் திரிந்த அச்சிறுவனே இவன் என்ற முறையில் தன் கூற்றைத் தொடங்குகின்றாள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுவதும், சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனக் கண்ணனிடம் சிறுமியர் விடுக்கும் வேண்டுகோளாக அமைகின்றது. பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களுள் ஒன்றாகச் சிற்றில் இடம்பெற்றது.

இம்மரபில் மூன்று செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, கட்டுவோர் சிறுமியர், சிதைப்போன் ஆண்மகன். சிறுமியரின் ஆடல் இல்லத்து உழைப்பை மீள ஆக்குகின்றது. சிறுவனின் செயலோ போர்மறவனின் தொழிலை மீள ஆக்குகின்றது எனலாம். பகைவர் நாட்டை எரியூட்டுதலையும் கொள்ளையிடுதலையும் உழபுல வஞ்சி, மழபுல வஞ்சி எனப் பெயரிட்டுத் துறைகளாக வகுத்தது புறப்பொருள் இலக்கணம். பெருநிலத்தில் அரசன் செய்வதைச் சிறுமணலிற் குழந்தை செய்கின்றது.

இரண்டாவது, பிள்ளைத்தமிழின் பாட்டுடைத் தலைவன் கடவுளோ அரசனோ வள்ளலோ ஆவான். ஆகவே அவன் சிதைப்பது குற்றமாகாது. குறும்பு எனவும், திருவிளையாடல் எனவும் போற்றப்படும். சிறுமியருக்கு எஞ்சுவது வேண்டுகோள் விடுக்கும் குரலே. எதிர்த்துச் சிதைக்கும் உரிமையோ, காவல் வைக்கும் உரிமையோ, சிதைத்தவனை ஆட்டத்திலிருந்து நீக்கும் உரிமையோ அவர்க்கில்லை. குறிஞ்சிக்கலியில் அச்சிதைப்புக் காதலின் முன்னுரையாகின்றது. ஆண்டாளிடத்தும் பிள்ளைத்தமிழிலும் பக்தியின் உருவம் பெறுகின்றது. அழிக்கப்பட்ட உழைப்பு அழகியல் இன்பமாக மாற்றப்படும் முறை இதுவாகும்.

மூன்றாவது, பெண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்கள் இதனின்றும் வேறானவை. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அம்மானை, நீராடல், ஊசல் என்பவற்றுடன் முடிகின்றது. இவற்றிலே திறமை உண்டு, களிப்பு உண்டு. பிறர் கட்டியதை அழித்தல் இல்லை. ஆகவே அழித்தல் இன்றி ஆட்டம் இல்லை என்னும் கூற்று விளையாட்டு முழுவதற்கும் உரிய உண்மையன்று. ஒரு குறிப்பிட்ட சமுதாய நிலையினின்று எழுந்த நோக்கே அது.

3

சிற்றிலின் இவ்வுறவுமுறை கணினியுலகில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதை இனி நோக்கலாம். 1997ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளியான அல்ற்றிமா ஒன்லைன், பெருந்தொகையினர் ஆடிய முதல் மணற்பெட்டி உலகுகளுள் ஒன்று. நகருக்கு வெளியே யாரும் யாரையும் கொல்லலாம், கொன்றவன் பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் தொடக்க விதி. ஆடுவோர் தாமே ஒன்றுகூடிக் கொலைஞரை அடக்குவர், அதிலிருந்து ஊராட்சியும் நீதியும் முகிழ்க்கும் என்று அதனை வடிவமைத்த றாஃப் கொஸ்ரர் முதலியோர் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. சுரங்கத்துக்குச் செல்லும் புதியவரை வழியிற் காத்திருந்து கொல்வதே பலரின் தொழிலாயிற்று. அடக்க முனைந்தோர் களைத்தனர். புதியவர் பலர் விலகினர். 2000ஆம் ஆண்டில் நிறுவனம் உலகை இரண்டாக்கியது. பெலுக்கா என்னும் பகுதியில் பழைய விதியே நிலவியது. திரமெல் என்னும் மறுபகுதியில் இருவர் இசைவின்றிப் போரில்லை. மக்களுட் பெரும்பாலோர் திரமெலுக்குக் குடிபெயர்ந்தனர். இருபது ஆண்டுகள் கழித்தும் இதே பாடம் மீண்டது. அமேசன் நிறுவனத்தின் 'நியூ வேர்ல்ட்', எவரும் எவரையும் தாக்கலாம் என்ற விதியுடன் உருவாகிவந்தது. வலியோர் புதியவரை வேட்டையாடியமை சோதனைக் காலத்திலேயே வெளிப்பட்டமையால், போரை விரும்பினோர்க்கு மட்டும் உரியதாக்கும் முடிவினை நிறுவனம் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்தது. விளையாட்டு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இங்கு நிகழ்ந்ததைப் போர் என்ற ஒரே சொல்லாற் குறிப்பதே குழப்பத்துக்குக் காரணம். தமிழ்ப் புறத்திணை மரபு இதனினும் நுண்ணிய பாகுபாட்டை உடையது. வெட்சி என்பது பகைவர் அறியாது அவர்தம் ஆநிரையைக் கவர்தல். கரந்தை அதனை மீட்டல். தும்பையோ இரு படையும் களங்குறித்து எதிர்நின்று வலிமையை நாட்டப் பொருவது. வெட்சியின் குறி பொருள். தும்பையின் குறி புகழ். தொல்காப்பியர் தும்பையை நெய்தலுக்குப் புறனாக வைத்தார். கடற்கரை மணலே இசைந்து பொரும் போருக்கு உரிய நிலம் ஆயிற்று. ஆநிரை கவர்தலைப் பேராசிரியர் கைலாசபதி முதலியோர் வீரயுகச் சமுதாயத்தின் பொருளியலோடு இணைத்துக் காட்டியமை நாமறிந்ததே. வெட்சி என்பது சாராம்சத்தில் உற்பத்தி செய்யாது செல்வம் பெறும் வழியாகும்.

அல்ற்றிமாவின் வழிப்பறி வெட்சி. திரமெலில் இசைந்து நிகழ்ந்த போட்டிகள் தும்பை. ஆடுவோரிடைப் போர் வேண்டும் என வாதிடுவோர் பெரும்பாலும் தும்பையின் புகழைக் காட்டி வெட்சிக்கு உரிமை கோருகின்றனர். எல்லோரும் எல்லோர்க்கும் பகையாகும் நிலையே மனிதரின் இயற்கைநிலை என 1651ஆம் ஆண்டில் ஹொப்ஸ் எழுதினார். அந்த இயற்கை மனிதன் உண்மையில் அக்காலத்து இங்கிலாந்தின் சந்தை மனிதனே என்பதை மக்பேர்சன் 1962ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். மணற்பெட்டியில் மனித இயல்பு வெளிப்படுகின்றது என்போர்க்கும் இவ்விடை பொருந்தும். வெளிப்படுவது மனித இயல்பன்று. விதி வகுத்தோர் எதற்குப் பரிசு வைத்தனரோ அதுவே.

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. போரை நீக்கியதால் அல்ற்றிமாவிற் சமத்துவம் பிறந்துவிடவில்லை. வீடு கட்டத்தக்க நிலம் அருகியது. முந்தி வந்தோர் அதனைப் பற்றிக்கொண்டனர். கற்பனை வீடுகள் மெய்ப்பணத்துக்கு ஏலம் போயின. வாளில்லாத உலகிலும் நிலவுடைமை தன் தொழிலைச் செய்தது.

4

போரின் தேவைக்குக் கூறப்படும் காரணங்களுள் வலியது உளவியல் சார்ந்ததன்று, பொருளியல் சார்ந்தது. இதற்கு ஐஸ்லாந்திலிருந்து 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஈவ் ஒன்லைன் தக்க சான்று. விண்வெளியில் அமைந்த இவ்வுலகிற் கப்பல்கள் பெரும்பாலும் ஆடுவோர் உழைப்பால் ஆக்கப்படுவன. கனியம் அகழ்வோர், உருக்குவோர், கட்டுவோர், விற்போர் எனத் தொழிற்பிரிவினை உண்டு. கப்பல்கள் அழிந்தாலன்றிப் புதியனவற்றுக்குத் தேவை எழாது. பொருள் தேங்கும், விலை வீழும், உழைப்போர் வேலையற்றிருப்பர். ஆகவே போரே பொருளாதாரத்தின் உயிர் என்பது வாதம். 2014ஆம் ஆண்டு சனவரி 27, 28ஆம் திகதிகளில் அங்கு நிகழ்ந்த ஒரு போர் ஏறத்தாழ 21 மணித்தியாலம் நீடித்தது. அதில் 7,000க்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். அழிந்த கப்பல்களின் பெறுமதி மெய்ப்பணக் கணக்கில் 3 இலட்சம் அமெரிக்க டொலருக்குக் குறையாதென மதிப்பிடப்பட்டது. அப்போர் மூண்டதற்கு உடனடிக் காரணம், ஒரு நட்சத்திர மண்டலத்தின் ஆட்சியுரிமைக்குரிய கட்டணம் உரிய வேளையிற் செலுத்தப்படாமையே.

இவ்வாதம் உண்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் எதுபற்றிய உண்மை என்பதே கேள்வி. மிகை உற்பத்தியின் நெருக்கடியைப் படைச்செலவாலும் அழிவாலும் தீர்த்துக்கொள்ளும் பொருளாதாரத்தை 1913ஆம் ஆண்டிலேயே ரோசா லுக்சம்பேர்க் 'மூலதனத் திரட்சி' என்ற நூலில் ஆராய்ந்தார். படைப்பெருக்கம் மூலதனத் திரட்சிக்கு ஒரு களமாகின்றது என்பது அவர் முடிபு. ஈவ் அதனைச் சிறு அளவில் நடத்திக் காட்டுகின்றது. ஆகவே அது விளையாட்டுக்குப் போர் வேண்டும் என்பதை நிறுவவில்லை; சந்தைக்காக உற்பத்தி செய்யும் ஓர் அமைப்புக்கு அழிவு வேண்டும் என்பதையே நிறுவுகின்றது.

வேறு அமைப்பும் இயலும் என்பதற்கு, ஈவ் வெளியான அதே 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏ ரேல் இன் த டெஸேட்' என்னும் விளையாட்டுச் சான்று பகரும். பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட அவ்வுலகிற் போர் என்பதே இல்லை. ஆயினும் அது போட்டியற்ற உலகன்று. கலை, கட்டடம், சிந்தனை, தலைமை முதலிய துறைகளிற் சோதனைகள் உண்டு. அவற்றில் வெல்ல ஆடுவோர் பலரின் ஒத்துழைப்போ மதிப்பீடோ தேவைப்படும். உழைப்பின் பயன் பொதுப்பணிகளிலும் பெருங்கட்டுமானங்களிலும் செலவாகின்றது. ஆடுவோர் மனுவெழுதிக் கையொப்பந் திரட்டி, வாக்களித்துப் புதிய சட்டங்களை ஆக்கவும் இடமிருந்தது. சிறுதொகையினரே அதனை ஆடினர் என்பது உண்மை. ஆயினும் தேவை என்ற சொல்லுக்கு இவ்வொரு சான்றே விடையாகும். தேவையானது, பொருள் செலவாகும் ஒரு வழியும், முடிவு முன்கூட்டியே தெரியாத ஒரு முரண்பாடுமே. போர் அவ்விரண்டையும் தரும் வழிகளுள் ஒன்று மட்டுமே.

5

கணினி தோன்றுமுன்னரே இச்சிக்கலுக்கு நம் கிழக்கிலங்கை உழவர் சமுதாயம் ஒரு தீர்வினைக் கண்டிருந்தது. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டினையே இங்குக் கருதுகின்றோம். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) முதலிய நூல்களால் இது தமிழ் வாசகர்க்கு அறிமுகமானது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. உறுதியான வளைந்த மரக்கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இருசாராரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். வென்றோர் ஊர்வலம் வருவர். தோற்றோரை நோக்கி வசைபாடுவர். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்தைச் சார்ந்து நிகழும் அங்கெலிய இதற்கு நேரொத்தது. அதனைக் கணநாத் ஒபேசேகர தமது 1984ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இனம் கடந்து உழவர் வாழ்வில் வேரூன்றிய ஆடல் இது என்பதற்கு அவ்வொப்புமையே சான்று.

இதிலே பகை உண்டு, வெற்றி உண்டு, தோல்வியின் நாணமும் உண்டு. ஆபத்தில்லா உலகு உயிரற்றது என்போர் வேண்டும் சுவையெல்லாம் இதில் நிறைந்துள்ளது. ஆனால் முறிவது கொம்பு. தோற்றவனின் வயலோ மாடோ வீடோ அன்று. களமும் காலமும் விதியும் இருசாராரும் அறிந்தவை. கள்ளத்தனமாக நள்ளிரவில் எவர் கொம்பையும் எவரும் முறிப்பதில்லை. யாவற்றினும் மேலாக, மழைவளமும் நோய்நீக்கமுமே ஆட்டத்தின் நோக்கம். கொம்பு எப்பக்கம் முறிந்தாலும் மழை இருசேரிக்கும் பெய்யும். தும்பையின் எதிர்ப்பை வைத்துக்கொண்டு வெட்சியின் கொள்ளையை விலக்கிய ஆடல் இது.

கொம்பு விளையாட்டைப் பொன்னுலகாகக் காட்டுதல் நம் நோக்கமன்று. அது நிலமானிய உறவுகளிடையே வளர்ந்தது. கோயிலுரிமைகள் குடிக்கும் சாதிக்கும் ஏற்பவே வகுக்கப்பட்டன. மழை வரும் என்ற நம்பிக்கை இயற்கையை அடக்கும் ஆற்றல் குன்றிய காலத்துக்குரியது. நாம் கொள்ளவேண்டியது அதன் நம்பிக்கையையன்று, அமைப்பையே. எதிர்ப்பு வேறு, சுரண்டல் வேறு என்னும் வேறுபாட்டினை அது நடைமுறையிற் கண்டிருந்தது.

6

இறுதியாக ஒரு மறுப்புக்கு விடை கூறுதல் அவசியம். முரண்பாடே வரலாற்றின் உந்துவிசை என்போர், விளையாட்டுலகில் மட்டும் அமைதியை வேண்டலாமா என முற்போக்காளர் சிலர் கேட்கக்கூடும். முரண்பாடு வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. ஆனால் எது அடிப்படை முரண்பாடு என்பதைத் தெளிதல் வேண்டும். மணற்பெட்டியில் ஆடுவோர் எவராயினும் மணல் அவருடையதன்று. வழங்கிக் கணினிகள் நிறுவனத்துக்கு உரியன. விதியை மாற்றுவதும், உலகை மூடுவதும் அதன் கையிலேயே உள்ளன. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரார் வோர்ஸ் கலக்ஸிஸ் என்னும் உலகு 2011ஆம் ஆண்டு திசெம்பர் 15ஆம் திகதி மூடப்பட்டது. எட்டாண்டுகளாகப் பலர் கட்டிய ஊர்கள் ஒருங்கே மறைந்தன. எந்தக் கொள்ளைக்காரனும் அத்துணைச் சிற்றில்களைச் சிதைத்திருத்தல் இயலாது.

ஆடுவோர் இதனை உணரும் தருணங்களும் உண்டு. 2011ஆம் ஆண்டு யூனில், ஈவ் நிறுவனம் உயர்ந்த விலையில் அலங்காரப் பொருள்களை விற்கத் தொடங்கியது. மேலும் பணம் ஈட்டும் வழிகளை ஆராய்ந்த அதன் உள்ளகச் சஞ்சிகை ஒன்றும் வெளியே கசிந்தது. அதுவரை ஒருவரையொருவர் வேட்டையாடிய கூட்டத்தார் யீற்றா என்னும் வணிகநிலையத்தில் ஒன்றுகூடி, அங்கிருந்த நினைவுச்சின்னத்தை நோக்கிச் சுட்டனர். பலர் சந்தாவையும் நிறுத்தினர். அவ்வாண்டு ஒற்றோபரில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரிக் கடிதம் வெளியிட்டார். கொள்ளைக்காரனும் கொள்ளை கொடுத்தவனும் ஓரணியில் நின்ற அக்கணத்தில், ஆடுவோரிடைப் போர் எதனை மறைத்திருந்தது என்பது புலனாயிற்று. திரமெலும் பெலுக்காவும் பற்றிய விவாதத்தில் ஒரு தரப்பார் மறுதரப்பாரைக் கோழைகள் எனவும் கொடியோர் எனவும் ஏசியபோது, உலகை இரண்டாக்கும் அதிகாரம் ஏன் தம்மிடம் இல்லை என்று இருதரப்பாரும் கேட்கவில்லை.

இவ்வுண்மையைத் திருகோணமலை அறியாததன்று. 1782ஆம் ஆண்டு சனவரியிற் பிரித்தானியர் இத்துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டு ஓகஸ்ரில் சுஃப்ரேனின் தலைமையிற் பிரெஞ்சுக்காரர் அதனைப் பிடித்தனர். பின்னர் உடன்படிக்கையால் ஒல்லாந்தருக்கு மீண்டது. 1795ஆம் ஆண்டில் மீளவும் பிரித்தானியருக்கு ஆயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானியர் விமானங்கள் குண்டு வீசின. பிரித்தானியக் கடற்படைத்தளம் 1957ஆம் ஆண்டு வரை நீடித்தது. வல்லரசுகள் ஆடிய இவ்வாட்டத்தில் மீனவனும் துறைமுகத் தொழிலாளியும் ஆடுவோராக எண்ணப்பட்டதில்லை. அவர்தம் குடிசைகள் களத்தின் பகுதியாகவே கொள்ளப்பட்டன. விதி வகுப்போரும் விலை கொடுப்போரும் வேறுவேறாக இருக்கும் வரையில், போர் எவ்வடிவினதாயினும் சிதைவது கட்டியவரின் சிற்றிலே.

ஆகவே மணற்பெட்டி விளையாட்டுக்கு ஆடுவோரிடைப் போர் தேவையா என்ற வினாவுக்கு நம் விடை இதுவாகும்: தேவையன்று. எதிர்ப்புத் தேவை, இழப்பின் சாத்தியமும் தேவை. இசைந்தோர் இசைந்த களத்திற் பொருதல் விலக்கத்தக்கதன்று. பிறர் உழைப்பை இசைவின்றிக் கவர்தலைச் சுதந்திரம் எனப் போற்றுதல் தகாது. ஆனால் இவ்விரண்டையும் வரையறுக்கும் உரிமை மணலில் உழைப்போரிடம் இல்லாதவரை, போரை நுழைப்பதும் நீக்குவதும் உடைமையாளரின் கணக்கு வழக்காகவே இருக்கும். நம் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுக்களைப் பற்றிப் பேசும்போது, இதில் எத்தனை பேர் கொல்லப்படுகின்றனர் என்பதோடு நின்றுவிடாது, இதன் விதிகளை மாற்ற யாருக்கு உரிமை உண்டு என்றும் அவர்களோடு சேர்ந்து கேட்கப் பழகுதல் வேண்டும். சிற்றிலைச் சிதைக்க வேண்டா என்று இரந்து நின்ற சிறுமியரின் குரலை இலக்கியம் பல நூற்றாண்டுகளாக நமக்குக் கேட்பித்து வந்துள்ளது. மணல் எவருடையது என்ற கேள்வியை அச்சிறுமியர் வாயில் எந்தப் பருவமும் வைக்கவில்லை. அக்கேள்வியை எழுப்புதல் இன்று நம் கடமையாகும்.